இருபத்தாறு நிமிடம்

பிறையில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்று
ஹைருல் கண்ணாடியை வெயிலுக்கு ஆட்டினான்.
இந்தப் பக்கம், குளுகோர் அடுக்குமாடியின் மொட்டைமாடியில்
யாரோ உலர்த்திய பள்ளிச் சீருடைகளை விலக்கிக்கொண்டு நான்.
கடலுக்கு அப்பால் ஒரு மினுக்கம்.
தெரிகிறது, என்றேன் போனில்.

தெரிந்தால் போதாது.
கண்ணுக்கு ஒரு கோடு போதும்,
அலைக்கு இடம் வேண்டும்:
வெள்ளரிக்காய்போல நடுவில் பருத்த வெற்றிடம்.
அதற்குள் ஒரு கிரேன் கை நீட்டினாலும் வம்பு.
கரையோரக் காலி நிலத்தில் என்ன வரப்போகிறது?
நகராண்மைக் கழகத்தில் கேட்டேன்.
நாற்பத்திரண்டு மாடி, என்றார் திருமதி ஓய்,
கோப்பைத் திறக்காமலே.
வேறு கூரை தேடினோம்.

கடல் சும்மா இருக்காது.
நீரில் பட்டுத் தெறித்த அலை
நேராய் வந்த அலையோடு
ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் கழியும்.
ஓதம் ஏற ஏறக் கணக்கு மாறும்.
ஆகவே இரண்டு தட்டுகள், ஆளுயர இடைவெளியில்
ஒன்றன்கீழ் ஒன்று.
ஒன்று செவிடாகும்போது மற்றது கேட்கட்டும்.

மழை?
படத்தில் வரைவதுபோல் துளி கண்ணீர் வடிவில் விழுவதில்லை.
காற்று அடியில் தட்டத் தட்ட
இட்லியாகித்தான் இறங்குகிறது.
படுத்த அலையை அது கூடுதலாகத் தின்னும்,
அதனால் நிமிர்த்தி அனுப்புகிறோம்.
நிமிர்ந்ததையும் தின்னும், அக்டோபரில்.

கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஐந்து விழுக்காடு.
கழித்துப் பார்த்தால்
ஆண்டுக்கு இருபத்தாறு நிமிடம் இருட்டு.
சுல்கிப்லி கையெழுத்திட்டார்.
எந்த இருபத்தாறு என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வியாழன், மாலை ஐந்தரை.
ஜெலுத்தோங் சாலையில் கார்கள் நகரவில்லை.
மூன்று மாதம் பேசாத நளாயினி அக்கா
தானாகவே அழைத்தாள்.
"ஒன்று சொல்வேன், கோபப்படக் கூடாது"
என்றவள் மூச்சு இழுத்தது கேட்டது.
பிறகு வைப்பர் சத்தம் மட்டும்.

மேலே பார்த்தேன். பிறை இல்லை, பாலம் இல்லை,
வெள்ளைத் தார்ப்பாய் ஒன்று கடலை மூடியிருந்தது.
அந்த இணைப்பின் எண் எனக்கு மனப்பாடம்.
எத்தனை டெசிபெல் ஒதுக்கினேன் என்பதும்.
இன்னும் மூன்று கேட்டிருக்கலாம்,
தட்டு பெரிதாகும், வாடகை ஏறும் என்று விட்டதும்.

பதினொரு நிமிடம் கழித்து
திரையில் ஒரு வரி வந்து விழுந்தது:
வைத்துவிட்டாய். சரி.

இட்லி வடிவத் துளியை
அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்ல?
திருப்பி அழைத்தேன்.
மணி போனது, போய்க்கொண்டே இருந்தது.
மழை விட்டிருந்தது.
இந்த ஆண்டுக்கு இன்னும்
பதினைந்து நிமிடம் பாக்கி.