ஒரு கிலோ முந்நூற்று நாற்பது

இரும்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை.
ஓடாத டிவிடி பிளேயர் என்றால்
உள்ளே கிடக்கும் செம்புக்கு மட்டும் விலை.
கடலூர் முதுநகரில் இருபத்தாறு வருஷமாக
என் தராசுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

லோகிதா அந்தக் கணக்குக்குள் வரவில்லை.
"பாய், தட்டை வெளியே தள்ளுற மோட்டார்
இதுக்குள்ள இருக்கும். அது மட்டும் போதும்."
ஏழாம் வகுப்புச் சீருடை. பென்சில் டப்பாவில் ஸ்க்ரூடிரைவர்.
பின்னால் ஒரு தம்பி, கிஷாந்த்,
பாதத்தில் கட்டு.

காசு கிடையாது. கோணி நிறைய சோடா பாட்டில்.
நிறுத்தேன்.
தட்டுக்கு அடியில் என் சுண்டுவிரல்
லேசாக முட்டுக்கொடுத்ததை
அந்தப் பொடியன் குனிந்து பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வண்டிக்குப் பாட்டில் மூடிகள்தான் சக்கரம்.
என் மேசையில், பில் புத்தகத்தின் மேல் ஏறி
அந்தப் பக்கம் விழுந்தது. நானே கைதட்டினேன்.
அடுத்த வாரம் திரும்பி வந்தாள்:
"மணல்ல முங்கிப்போச்சு."
பழைய சிடி நான்கு கொடுத்தேன்.
"கத்தி மாதிரி அறுத்துக்கிட்டு இறங்குது பாய்."
பால் பவுடர் டின் இரண்டு எடுத்துப் போனாள்.
"டின் நல்லா உருளுது, மோட்டார்தான் இழுக்கல."
பிறகு உடைந்த பொம்மை ஜீப் ஒன்று,
அதன் பற்சக்கரங்களுக்காக.
எமர்ஜென்சி விளக்கின் பேட்டரி.
மைக்செட்காரர் போட்டுவிட்டுப் போன ஸ்பீக்கரின்
பெரிய காந்தம்: எண்பது ரூபாய் சொன்னேன்,
முப்பதுக்கு இறக்கினாள்.

"பள்ளிக்கூடத்தில் கண்காட்சியா?"
"இல்ல."
"பரிசு ஏதாவது?"
"இல்ல பாய்."
பிறகெதற்கு இந்தப் பாடு என்று கேட்பதற்குள்
தம்பி கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.
அவன் குதிகாலால்தான் நடந்தான் அப்போதும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள்
பழைய படகு எஞ்சின் பார்க்கச் சோனாங்குப்பம் போனேன்.
மரப்படகு பிரிக்கிற இடம்.
பலகை போகும், விறகு போகும்,
ஆணி மட்டும் மணலுக்குள் தங்கிவிடும்.

அங்கே ஊர்ந்துகொண்டிருந்தது அது.
நண்டு இதைவிட வேகமாகப் போகும்.
இரண்டு டின் உருள,
நடுவில் பிளைவுட் துண்டு, மேலே பேட்டரி,
ஒயர்களைக் கட்டியிருந்தது தலைமுடி ரப்பர்பேண்ட்.
வயிற்றுக்குக் கீழே காந்தம்.
காந்தத்துக்குத் துருப்பிடித்த தாடி.

கயிறு போட்ட கோட்டுக்கு வெளியே
ஏழெட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு,
கையில் பந்தோடு:
"அக்கா, முடிஞ்சிச்சா?"
"இன்னும் ஒரு சுத்து."
கிஷாந்த், ஒற்றைச் செருப்போடு,
தாடியை வழித்து வழித்து டப்பாவில் போட்டான்.
சில ஆணிகள் என் விரல் நீளம்.
அவன் பாதத்தில் ஏறியது எந்த அளவு என்று
நான் கேட்கவில்லை.
எஞ்சினையும் பார்க்காமல் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை டப்பா கடைக்கு வந்தது.
என்னிடம் வாங்கிய காந்தம் பொறுக்கியதை
எனக்கே விற்க.
துரு, கிளிஞ்சல், வலை நூல் எல்லாம் தட்டி உதிர்த்தேன்.
பொடியன் தரையில் உட்கார்ந்தே விட்டான்,
தட்டின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி.
என் சுண்டுவிரல் சட்டைப்பையில் இருந்தது.
ஒரு கிலோ முந்நூற்று நாற்பது.
நம்பாமல் மறுபடி நிறுக்கச் சொன்னான்.
மறுபடியும் அதே.

ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்ட லோகிதா
பாவாடைப் பையிலிருந்து தனியாக ஒன்றை எடுத்தாள்.
பச்சை படிந்த, வளைந்த ஆணி.
"இது காந்தத்துல ஒட்டவே மாட்டேங்குது பாய்.
தம்பி இதை மிதிச்சாதான் தெரியும்.
இதுக்கு என்ன பண்றது?"

கையில் வாங்கிப் பார்த்தேன். செம்பு.
அன்றைய விலை எனக்குப் பைசா சுத்தமாகத் தெரியும்.
அதைச் சொல்ல வாய் வரவில்லை.
டீ சொல்லி அனுப்பினேன், மூன்று.
மூவரும் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.