துப்பாத முகம்

பஸ்காரன் “துப்புசாமி முக்கு எறங்கு” என்பான்.
நகராட்சிக் கோப்பில் வேறு பெயர்:
பரோக் பாணி நீரூற்று, பழுது, நான்காம் வார்டு.
நான் தையல்நாயகி, வால்வு திறக்கிறவள்.
காலை ஆறு முதல் ஆறே முக்கால்,
மாலையில் தண்ணீர் இருந்தால்.

பிரெஞ்சுக்காரன் கப்பலில் கொண்டுவந்தது.
சங்கூதும் பையன்கள் இருவர், இடுப்புக்குக் கீழே மீன்.
சிப்பியாய் விரிந்த தொட்டி.
எங்கு பார்த்தாலும் சுருள், சுருளுக்குள் சுருள்,
ஜிலேபி பிழிகிறவன் கல்லில் பிழிந்த மாதிரி.
நடுத்தூணில் தாடி வைத்த நாலு முகம்,
திசைக்கு ஒன்று, கன்னம் உப்பி.

நம்ம பக்கம் தண்ணீர் படுத்தேதான் வரும்.
மேட்டூரில் கதவு திறந்தால்
கல்லணையில் பிரிந்து, கிளைக்குக் கிளை மெலிந்து,
மதகில் குனிந்து, மடையில் ஊர்ந்து,
யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கடலுக்குப் போய்விடும்.
அது எழுந்து நின்றதை ஊர் முதலில் பார்த்தது
துரை குழாயைத் திறந்த அன்றைக்குத்தான்.
ஆளுயரம். சனம் கும்பிட்டதாம்.
ஒரு குடியானவன் மட்டும்
“இதை வயலுக்கு விட்டா எத்தனை மா பாயும்?” என்றானாம்.
பதில் இன்னும் வரவில்லை.

கப்பலிலேயே ஒரு முகம் உடைந்துவிட்டது.
சீமைக்கு எழுதிப் போட்டால் வருஷம் ஆகும் என்று
கொத்தனார் மரியசூசையிடம் சுண்ணாம்பைக் கொடுத்தார்கள்.
தாடி வைத்தார், கன்னம் உப்ப வைத்தார்,
கண்ணை மட்டும் கோபுரத்து யாளியிடமிருந்து எடுத்தார்.
உள்ளே குழாய் போகவேண்டும் என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மூன்று முகம் துப்பியது. கிழக்கு முகம் துப்பவில்லை.
அதனால்தான் அதற்கு மவுசு.
வாயை அடக்கினவன் பொய்க்குத் துணை போகமாட்டான் என்று
எப்படியோ ஒரு பேச்சு.
கடன் வாங்கவே இல்லை என்கிறவனை இங்கேதான் இழுத்து வருவார்கள்.
கருவாட்டுக்காரி ஞானசவுந்தரி, என் கண்ணெதிரே,
மருமகனை நிறுத்தித் தோடு எங்கே என்றாள்.
அவன் முகத்தைப் பார்த்தான், அப்புறம் தரையை,
அப்புறம் சட்டைப்பையிலிருந்து
அடகுச் சீட்டை எடுத்துக் கொடுத்தான்.
ஓட்டுக் கேட்க வருகிறவர்கள்
எந்தக் கட்சியானாலும் மேற்குப் பக்கம்தான் மேடை போடுவார்கள்.

போன மாசம் பொறியாளர் வந்தார். புதுப்பிக்கப் போகிறார்களாம்.
என்னைக் கை விட்டுப் பார்க்கச் சொன்னார், சின்னக் கை என்று.
மூன்று வாயிலும் பாசி. ஒன்றில் தவளை.
நாலாவதில் மணிக்கட்டோடு கை நின்றது.
பஸ் டிக்கெட்டுகள், உருகின மெழுகு,
எட்டாய் மடித்த ஒரு கடுதாசி.
பிரிக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்தேன்.
“ஓட்டை போட்டு இணைச்சிடலாம்” என்றார்.
“சார், அது வாய்க்கால் இல்ல, வாய்.”
எழுதிக்கொண்டார். எதை என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மிஷின் வருகிறது.
இன்று ஆறு மணிக்குத் திறந்தேன்.
அணையில் மட்டம் இறங்கிவிட்டதாம்,
மூன்று முகமும் தாடி நனைய ஒழுகின, அவ்வளவுதான்.
தொட்டி வழிந்த தண்ணீர்
அரசலாறு இருக்கும் பக்கம் பார்த்துப்
படுத்தபடி போனது.
கிழக்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு
ஒரு பையன் முகத்தோடு முகம் வைத்து
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.
காலை நேரம், தெருவில் சத்தமே இல்லை.
அவன் பேச்சு என் காதில் விழக்கூடாதென்று
வால்வை இன்னும் அரைச் சுற்று திறந்துவிட்டேன்.