மேல் நோட்டு

மஞ்சக்குப்பம் டவுன்ஹால், மூன்றாம் காட்சி.
சிப்காட் பாய்லர் தின்ற மனிதருக்குக்
கிடைத்த பணம் மேசைமேல் கட்டாக.
மேலே ஒன்றுதான் நிஜ ஐநூறு.
மற்றதெல்லாம்
நேற்று ராத்திரி நான் வெட்டிய தினசரி.

மகன் போட் இன்ஜின் என்கிறான்.
மகள் நர்சிங் என்கிறாள்.
தாய் பேசாமல்
ஒழுகுகிற கூரையைப் பார்க்க வேண்டும்.
தாய் நான்.
நிமிர்ந்தால் ஃபேன் சுற்றுகிறது.

எழுதியவன் என் அண்ணன் தணிகைவேல்.
வீட்டில் நர்சிங் கேட்டது நான்;
வாங்கியது இன்ஜின்.
தானே புயல் ஒரே ராத்திரியில்
அதைத் துறைமுகச் சேற்றில் செருகிவிட்டுப் போனது.
நாடகத்தில் மட்டும்
மகளுக்குக் கொடுக்கச் சொல்லி
எனக்கு வசனம் வைத்திருந்தான்.
மன்னிப்பைக்கூட அடுத்தவர் வாயால்தான் கேட்பான்.

சொல்ல வரவில்லை.
திரை மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கிறான்:
"குடுத்துடுப்பா அவளுக்கு..."
நான் இன்னும் ஃபேனையே பார்க்கிறேன்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து
அம்மா,
"கூரைக்கு ஒண்ணுமே இல்லியாடா?"

ஜனம் கைதட்டியது,
வசனம் என்று நினைத்து.

திரை இழுத்த பிறகு
கட்டைப் பிரித்தால் மேல் நோட்டு இல்லை.
படியேறி வந்திருந்த அம்மா
முந்தியில் எதையோ முடிந்தபடி
பஸ் போயிடும் வாங்க என்றாள்.