ஆறாம் பக்கம்

புதன்கிழமை இரவு எட்டு ஐந்து.
தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து றிஸ்மியா:
“சேர், கந்தோர்ப் போன் காணாமப் போயிற்று.”
எப்ப, என்று கேட்டேன்.
மட்டக்களப்பு பஸ் ஒரு தரிப்பில் நின்று
ஆளேற்றி மறுபடி புறப்படும் அளவு
மௌனம்.
“நாலரைக்கு.”

மூன்றரை மணித்தியாலம்.

என் திரையில் அந்தப் போன் ஒரு பச்சைப் புள்ளி.
கடைசியாய் மூச்சுவிட்டது
ஓந்தாச்சிமடம் பாலத்தடியில், ஏழு பத்துக்கு.
பிறகு சாம்பல்.

பூட்டு இருந்தது. அவள் விரல் இழுத்த ஒரு ‘ட’.
கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சரித்தால்
விரல் எண்ணெயில் எழுத்து தானாய்த் தெரியும்.
ஆறு இலக்கம் வேண்டுமென்று நான் கேட்டதும்
முகாமையாளர் புலேந்திரராஜா சிரித்ததும்
கூட்டக் குறிப்பில் இருக்கிறது:
“மோட்டர்சைக்கிள்ல நிண்டுகொண்டு
ஆறு இலக்கம் அமத்த நேரமிருக்கா தம்பி?”

மறுகா வந்தன அழைப்புகள்.
சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, காரைதீவு.
அவளுடைய இலக்கத்திலிருந்து, அவளுடைய படத்தோடு
எல்லோருக்கும் ஒரே செய்தி:
உங்கள் தவணைக்குத் தள்ளுபடி வந்துள்ளது.
தயவுசெய்து இப்போது வரும் ஆறு இலக்கத்தை
எனக்கு அனுப்பவும்.
எல்லோருக்கும் என்றா சொன்னேன்? இல்லை.
அன்று கையில் காசிருந்தவர்களுக்கு மட்டும்.

அது எப்படித் தெரியும் அவனுக்கு?

அவள் அழவில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்:
“கந்தோர்ச் செயலியில அதுக்குப் பெட்டி இல்ல சேர்.
நான் என்பாட்டுக்கு எழுதி வச்சன்.”

*நசீறா ராத்தா: செவ்வாய் போகாதே. தயிர்க்காசு புதன் பின்னேரம்.*
*பூமலர்: புருஷன் நிக்கக்குள்ள கடன் எண்டு வாய் திறவாதே.*
*சுபைதா: கட்டார்க் காசு பத்தாம் திகதி. மாமிக்குத் தெரியாது.*

நான்கு வருடம். நூற்றுப் பதினெட்டுப் பேர்.
ஒருவரும் தவணை தவறவில்லை என்று
தலைமையகம் எங்களுக்கு ஒரு கேடயம் தந்தது,
புலேந்திரராஜாவின் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.
கேடயத்துக்குக் காரணம் அந்தக் குறிப்பு.
கள்ளனுக்கு வழிகாட்டியும் அதுதான்.

‘அழி’ என்ற பொத்தான் சிவப்பு.
அமத்தினால், நிச்சயமா என்று ஒருதரம் கேட்கும்.
அவளிடம் வேறு பிரதி இல்லை.
நான் அவளைக் கேட்கவில்லை.
அமத்தினேன்.
போன் அணைந்து கிடந்ததால் கட்டளை
இன்றும் எங்கோ காத்துக்கொண்டிருக்கிறது,
ஆளில்லா வீட்டுக்கு வந்த அழைப்பாணைபோல.

ஏழு பேர் இலக்கத்தை அனுப்பியிருந்தார்கள்.
பூமலர் அனுப்பவில்லை. அவளுடைய பதில்:
“எங்கட புள்ள ‘தயவுசெய்து’ எண்டு எழுதாது.
நீ ஆருடா?”

அடுத்த நாள் விசாரணை.
மூன்றரை மணித்தியாலம் என்ன செய்தாய்?
“கல்லாற்றில இறங்கி, கடை கடையாக் கேட்டன்.
மறுகா ஒரு பஸ் விடாம நிண்டு பார்த்தன்.”
உடனே சொல்லியிருக்கலாமே?
“ஆறாம் பக்கம், சேர்.”

நான் எழுதிய கொள்கை ஆவணம் இருபத்திரண்டு பக்கம்.
ஒருவரும் வாசிக்கவில்லை என்று
கண்டவரிடமெல்லாம் நொந்துகொண்டிருந்தேன்.
அவள் வாசித்திருக்கிறாள்.
ஆறாம் பக்கம்: சாதனத்தைத் தொலைப்பவரின் சம்பளத்தில்
அதன் முழுப் பெறுமதியும் கழிக்கப்படும்.
ஒன்பதாம் பக்கம்: உடனடியாக அறிவிக்கவும்.
ஒன்பதுக்கு வர அவளுக்கு
ஆறைத் தாண்டவேண்டியிருந்தது.

அந்த வரியை வெட்டினேன்.
வெட்டியதற்குக் கையொப்பமிட
புலேந்திரராஜாவுக்குப் பதினொரு நாள் சென்றது.
ஏழு பேரில் இரண்டு பேரின் காசைத்தான்
வங்கியால் மறித்துவைக்க முடிந்தது.
நசீறா ராத்தாவின் காசு அதில் இல்லை.

புதுப் போனை நீட்டி, ஆறு இலக்கம், என்றேன்.
அவள் குனிந்து அமத்தத் தொடங்க
நான் மற்றப் பக்கம் கிறுகி
யன்னலுக்கு வெளியே ஒரு பேக்கரி லொறி
பின்னுக்கு வந்து, வந்து, நிற்பதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.