முப்பத்தொன்று

ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலை.
மாவு பார்ப்பது என் வேலை.
சிட்டிகை மாவில் ஒரு சொட்டு அயோடின்,
நீலம் ஏறினால் சரி என்று எழுதுவேன்.
டன் டன்னாக வெயிலில் காயும் வெள்ளைக்கு நடுவே
எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் போனது.

முதல் முறை, விடியற்காலை மூன்றேகால்.
நைட்டி நனைந்து ஒட்டியிருக்க
கேஸ் அடுப்பைத் திருகித் திருகி
"இருபதாவது வளைவு வந்தாச்சு, பஸ் நிக்கல" என்றேனாம்.
தீர்த்தகிரி தன் மெஷினில் என் விரலைக் குத்தினார்.
முப்பத்தொன்று.
இருநூறுக்குக் கீழே அவருக்கு அது காட்டியதே இல்லை.
மெஷின் பழுது என்று
இன்னொரு விரலையும் குத்தினார்.

ஜி.எச்.சில் குளுக்கோஸ் ஏறி நான் மனுஷியானதும்
சின்ன டாக்டர் கேட்டார், கோப்பைப் பார்த்தபடி:
"வீட்ல யாராச்சும் இன்சுலின் போடுறாங்களா?"
போடுகிறார்.
"உங்களுக்கு யாராச்சும் போட்டிருக்கலாமா?
இல்ல, நீங்களே..."

அந்தப் புள்ளிகள் மூன்றும்
எங்களோடு டவுன் பஸ் ஏறி
அம்மாபேட்டை வந்தன.

ஃப்ரிட்ஜ் கதவில், மல்லிச் சட்னிக்குப் பக்கத்தில்
அவர் பேனா.
காலை இருபது, இரவு பதினான்கு.
அவர் தூங்கியதும் கதவைத் திறந்து
அந்த மஞ்சள் வெளிச்சத்தில்
மருந்து எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன்.
பதினேழு வருஷத்தில்
என் மேல் எந்தக் கோபம் பாக்கி என்று பார்ப்பேன்.
அதே கையால் அவர்
பாலில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு நீட்டுவார்.
குடிப்பேன். வேறென்ன செய்ய.

வேலூருக்குப் போன ரத்தம்
பதினாறு நாள் கழித்துப் பேசியது.
இன்சுலின் அடிமட்டம்.
வெளியிலிருந்து யாரும் ஏற்றவில்லை,
உள்ளேயும் சுரக்கவில்லை.
டாக்டர் நஸ்ரீன் சீட்டின் பின்பக்கம்
ஒரு பூட்டு வரைந்தார்.
"செல்லுக்கு செல் இது இருக்கும்மா. இன்சுலின்தான் சாவி.
உங்க உடம்பு காவலுக்குன்னு செஞ்ச ஆன்டிபாடி ஒண்ணு
இதுல கச்சிதமாப் பொருந்திடுச்சு.
கதவு மூட மாட்டேங்குது."

ஆக, கள்ளன் வீட்டில் இல்லை.
கள்ளனே இல்லை. காவல்காரன்.
என் உப்பைத் தின்றுவிட்டு
என் சர்க்கரையை வாரி இறைத்தவன்.

இப்போது ஸ்டெராய்டு.
முகம் உப்பிப்போய்
ஆலை வாசலில் வாட்ச்மேன், ஒன்பது வருஷப் பழக்கம்,
அடையாள அட்டை கேட்டான்.
சிரித்துக்கொண்டே காட்டினேன். படத்தையும் என்னையும்
மாற்றி மாற்றிப் பார்த்தான்.

போன வாரம் ரேஷன் கார்டு தேடியபோது
மேஜை இழுப்பறையில் அவர் நோட்டு.
தேதி போட்டு, பென்சிலில்:
20, 14, மீதி 266.
20, 14, மீதி 232.
20, 14, மீதி 198.
சின்ன டாக்டர் கேட்ட அன்றைக்கே
ஆரம்பித்திருக்கிறார்.
அவரும் எண்ணியிருக்கிறார்.
ஓரிடத்திலும் கணக்கு உதைக்கவில்லை.
ஆனாலும் பக்கம் பக்கமாக எண்ணியிருக்கிறார்.

நோட்டை எடுத்த இடத்தில் வைக்கவில்லை.
கடைசி வரிக்குக் கீழே
என் ராத்திரி அளவை எழுதி
மேஜை மேல் விரித்து வைத்தேன்:
எண்பத்தாறு.

படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
பாலில் ஒரு கரண்டி குறைத்துப் போட்டார்.