நிறைந்தால் கூப்பிடுங்கள்

அறுநூற்றைம்பது டாலர், பண்ணை ஏலத்தில்.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.
ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப்,
முன்முகத்தில் மூன்று பல், அதில் ஒன்று சொத்தை.
அதைத் தள்ளிக் கராஜில் சேர்த்த அன்று
லெனோராவின் கார் வெளியே பனிக்குப் போனது.
ஏப்ரல் வரை பனியிலேயே நின்றது.
இரண்டு முறை சொன்னாள்.
மூன்றாம் முறை சொல்லவில்லை,
அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது.
எட்டு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி
படுக்கப் போகுமுன் தினமும் ஓர் இழுப்பு,
பகலெல்லாம் தபால் பை சுமந்த அதே தோளால்.
நெப்ராஸ்காவின் ஜனவரி. ஸ்பானர் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.
நாற்பத்தோராம் இரவு
மயிரிழை நகர்ந்தது.
மாடியேறி ஓடி அவளை உலுக்கினேன்.
"எவ்வளவு?"
விரலிடுக்கில் காட்டினேன்.
"இருட்டில் எதைக் காட்டுகிறாய்" என்று
புரண்டு படுத்தாள்.

ஊருக்கு ஒரே அபிப்பிராயம்: சிவப்பு அடி.
எதிர்வீட்டு டெல்மர் ஷ்டாக் சொன்னான்,
பல் வைத்தியர் என் வாய்க்குள் கைவிட்டபடி சொன்னார்.
செர்ரிச் சிவப்பு, இரண்டு டப்பா, வாங்கியாயிற்று.

கதவைச் சுரண்டத் தொடங்கினேன்.
பச்சை. அதன்கீழே வெண்ணெய் நிறம்.
அதன்கீழே கறுப்பு, கறுப்பின்மேல்
மஞ்சளாக ஏதோ ஓர் எழுத்தின் வால்.
உப்புத்தாளை நனைத்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல்
துடைத்துத் துடைத்து எடுத்தேன்.
முதல் ஞாயிறு: வ்ரானா.
அடுத்த ஞாயிறு: தொட்டி.
பால் தொட்டி என்றேன் இரவுச் சாப்பாட்டில்.
பால் வண்டி, விடியற்காலை, சுத்தமான மனிதர்கள்
என்றெல்லாம் பேசிக்கொண்டே போனேன்.
மூன்றாம் ஞாயிறு வந்தது அதன் முன்சொல்:
கழிவுநீர்.
கீழே சின்னதாக,
நிறைந்தால் கூப்பிடுங்கள். தொலைபேசி 317.

லெனோரா கராஜுக்கு வந்தது அன்றுதான்.
கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
தரையில் உட்கார்ந்து சிரித்தாள்,
நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, மறுபடி சிரித்தாள்.
பால் வண்டி, பால் வண்டி என்று.

பிறகு அவள் விரல்தான் அதைத் தொட்டது.
"வ்ரானாவும் மகன்களும். இதில் 'கள்' மட்டும்
ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது?"
அதன்மேல் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது என்றேன்.
தார் என்று நினைத்தேன். போன வாரம் வழித்துவிட்டேன்.
சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.
தார் இப்படி நேர்கோட்டில் விழாது.
யாரோ மெல்லிய தூரிகை எடுத்து,
கதவுமுன் மண்டியிட்டு,
அந்த அளவுக்கு மட்டும் மூடியிருக்கிறார்கள்.

"திரும்ப அடித்துவிடட்டுமா? கறுப்பு இருக்கிறது."
அவள் வெகுநேரம் பதில் சொல்லவில்லை.
ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது.
"இருக்கட்டும்" என்றாள்.
பத்து வருஷமாய் அவள் சொல்லும் 'இருக்கட்டும்' எனக்குத் தெரியும்.
இது வேறு.

மே மாதம் ஓடியது.
ஓடியது என்றால், இருமி, புகைந்து,
டெல்மரின் நாயை விரட்டி, தெருமுனை வரை.
சிவப்பு, தபால்பெட்டிக்குப் போனது. மிச்சம் இன்னும் இருக்கிறது.
கதவு இரண்டும் அப்படியே.

போன சனிக்கிழமை பெட்ரோல் போடும்போது
ஒருவன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான்,
இந்தப் பக்கத்துக்குப் புதியவன்.
"வியாழக்கிழமை வர முடியுமா? எங்கள் வீட்டில்
வழியத் தொடங்கிவிட்டது."
நான் வாயைத் திறப்பதற்குள்
உள்ளிருந்து லெனோரா கண்ணாடியை இறக்கினாள்.
"எத்தனை காலன்?" என்றாள்,
கைப்பையில் பேனாவைத் தேடியபடி.