புல எண் 214/3

மேலூரிலிருந்து வடக்கே பதினோரு கிலோமீட்டர்,
நொச்சியேந்தல்.
அ-பதிவேட்டில் இந்த இடத்துக்கு எழுதியிருப்பது:
சர்க்கார் புறம்போக்கு, கல்லாங்குத்து.
குறிப்புக் கலத்தில் யாரோ பென்சிலால்
'கோபுரம்?' என்று எழுதி
கேள்விக்குறிக்கு மட்டும் மசி தொட்டிருக்கிறார்கள்.

கோபுரமில்லை. கொத்தளம்.
கோபுரத்தில் பொம்மை இருக்கும்.
கொத்தளத்தில் ஆள் இருப்பான்.
ஆளுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணிப் பானை,
தூரத்துப் புழுதியைப் பார்க்கச் சுவரில் ஒரு துளை.
துளை இருக்கிறது.
அதில் கண்ணை வைத்தால்
கல்குவாரி லாரிகளின் புழுதி.

நான் அளக்க வந்தவள்.
நாடாவின் மறுமுனை வெள்ளக்கண்ணு கையில்.
மேற்கே சுவர் நாலரை மீட்டர் நிற்கிறது,
அதன் பின்னே அழகர்மலை.
வடக்கே இடுப்புயரம்.
கிழக்கே ஒன்றுமில்லை.

கும்பினிக் கணக்கில் இது அரைப் பக்கம்.
கிஸ்தி கட்டாத ஊர். ஆனி மாதம்.
மூன்று பகல், இரண்டு ராத்திரி.
செலவு:
பதினெட்டு ராத்தல் குண்டு நூற்று நாற்பத்தொன்று,
வெடிமருந்துப் பீப்பாய் ஒன்பது,
வண்டிமாடு இரண்டு செத்தது, ஜோடி ஏழு வராகன்.
ஒன்று மயிலை, ஒன்று செவலை.
உள்ளே செத்தவர்களுக்குக்
கலமே கிழிக்கவில்லை.

மண்சுவர் குண்டை விழுங்கியதாம்.
முதல் நாள் முழுக்கச் சுட்டதெல்லாம்
சொத்துச் சொத்தென்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.
பிறகுதான் மண்ணுக்கு நடுவே
கல்லாய் நிமிர்ந்திருந்த இதைப் பார்த்தார்கள்.
கல்லுக்கு விழுங்கத் தெரியாது.
நிற்கத் தெரியும்,
அப்புறம் உடையத் தெரியும்.

மறுநாள் எறும்பு வந்திருக்கும்,
காரையில் கருப்பட்டி குழைத்த நாளிலிருந்து
தலைமுறை தலைமுறையாய்
மோப்பம் பிடித்துக் காத்திருந்த எறும்பு.

பிறகு கல் ஊரைவிட்டு நடந்தது.
கண்மாய் மடைக்கு எட்டு.
நத்தம் ரோட்டுப் பாலத்துக்கு வண்டி வண்டியாய்.
பள்ளிவாசல் ஹவுதுக்குப் படி நாலு.
முனியாண்டி பீடத்துக்கு ஒன்று, அதுவும் தலைகீழாய்.
காசிம் ராவுத்தர் புளி மண்டியில்
சாக்கு பறக்காமலிருக்க ஒரு இரும்புக் குண்டு.
தூக்கலாமா என்று கேட்டேன்.
பொத்துனாப்ல தூக்கும்மா, கால்ல போட்டுக்காத, என்றார்.
தராசில் வைத்தோம்.
எட்டு கிலோவும் கொஞ்சமும்.
பதினெட்டு ராத்தல்தான்.
நூற்று நாற்பத்தொன்றில் ஒன்று
புளி வாசத்தோடு.

"கிழக்கால என்னன்னு எழுதுவீங்க, மேடம்?"
இடிந்த பகுதி என்றேன்.
வெள்ளக்கண்ணுக்குப் பிடிக்கவில்லை.
"வாசல்னு எழுதுங்க. ஊருக்கே அது வாசல்தான்.
எங்க தெரு வாசத்தெரு. ஆதார்லயே இருக்கு."

பழைய படத்தை விரித்தேன்.
கதவு தெற்கே.
அதை அவர்கள் தொடவேயில்லை,
பின்னாளில் கருவேலம் வந்து சாத்திக்கொண்டது.
கிழக்கே வரைந்திருப்பது சுவர், தடித்த கோடாய், வெறும் சுவர்.
மூன்றாம் நாள் விடிகாலையில்
குண்டு போட்டுத் திறந்த ஓட்டையில்
இப்போது ஆண்டிச்சியின் நாற்பது ஆடு போகிறது,
பள்ளிக்கூடத்து சைக்கிள் போகிறது,
போன தையில் ஒரு கல்யாணப் பெண்ணும்
அவள் பின்னால் நாலு பேர் சாய்த்துப் பிடித்து
ஒரு பீரோவும் போயிருக்கின்றன.

ஆறேகால் மீட்டர்.
படத்தில் அந்தப் பக்கம் கோடு இழுக்காமல் விட்டேன்.
பெயர் எழுதவில்லை இன்னும்.
பேனா கையிலிருக்கிறது.

உடைந்த ஓரத்தில் நொச்சி மண்டியிருக்கிறது.
ஆண்டிச்சி ஒடித்துக்கொண்டிருக்கிறாள்.
எதுக்கு என்றேன்.
தலைபாரம், ஆவி பிடிக்க.
கோட்டை காத்தவர்கள் சூடிய பூ அது
என்று சொல்லலாமா என யோசித்தேன்.
அதற்குள் ஒரு குட்டி வரப்பில் சறுக்க
அள்ளித் தோளில் போட்டவள்
கையில் இடமில்லாமல்
பூவோடிருந்த கொத்தைக் கொண்டையில் செருகிக்கொண்டு
வாசல் வழியே
உள்ளே போனாள்.